ஐந்து டாலர் கூலியும் ஃபோர்டு குடும்பமும்

1914-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் மாநகரில் ஃபோர்டு மோட்டார்க் கம்பெனியின் அலுவலகத்திற்குப் பத்திரிகை நிருபர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். கம்பெனியின் துணைத் தலைவரும் பொருளாளருமான ஜேம்ஸ் கசன்ஸ் ஓர் அறிக்கையைப் படித்தார். தொழிலாளரின் நாட்கூலி இனி 5 டாலர். வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறையும். அதுவரை அங்கே கிடைத்து வந்த நாட்கூலி 2 டாலர் 34 செண்டு. கேட்டவர்கள் தம் காதுகளையே நம்பவில்லை. ஒரே இரவில் கூலியை இரண்டு மடங்காக்கிய முதலாளியை உலகம் அதற்குமுன் கண்டதில்லை.

செய்தி பரவியது. பல மாநிலங்களிலிருந்தும் வேலையற்றோர் இரயிலேறி வந்து தொழிற்சாலை வாயிலில் குவிந்தனர். ஒரு வாரத்திற்குள் கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டியது. கட்டுக்கடங்காமற் போகவே, உறைபனிக் குளிரில் நின்ற அம்மக்கள்மீது தீயணைப்புக் குழாய் கொண்டு தண்ணீர் பீய்ச்சினார்கள். நனைந்த ஆடை உடலிலேயே உறைந்து போயிற்று. கூலி உயர்வு பற்றிப் பெருமையாக எழுதுகின்றவர்கள் பலர் இந்தத் தண்ணீரைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் ஃபோர்டு கம்பெனியின் வரலாற்றில் கொடையும் கொடுமையும் ஒரே வாயிலில் நின்றதை இவ்வொரு வாரம் காட்டிவிடுகிறது. ஆகவே நாம் இங்கிருந்தே தொடங்குகிறோம்.

அந்தக் கம்பெனியை நிறுவிய ஹென்றி ஃபோர்டு 1863-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வில்லியம், அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து 1847-இல் கப்பலேறி வந்த புரோட்டஸ்டாண்டு குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய் மேரி 1876-இல் பிள்ளைப் பேற்றின்போது இறந்தார். அப்போது ஹென்றிக்கு வயது 12. மகன் உழவனாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ ஏரும் வேண்டாம், மாடும் வேண்டாம். கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதிலேயே மனம். 16-ஆம் வயதில் டெட்ராய்ட் சென்று பட்டறையில் சேர்ந்தார். 1888-இல் கிளாரா பிரையன்டை மணந்தார். எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் பொறியாளராய் இருந்துகொண்டே, வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் பெட்ரோலால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். 1896 சூன் 4-ஆம் நாள் விடியற்காலையில் வண்டி ஆயத்தமான பின்னரே கொட்டகையின் கதவு அதற்கு இடங்கொடாது என்பது தெரிய வந்தது. கோடரியால் சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டு வந்தார்.

முதலில் சேர்ந்து தொடங்கிய இரண்டு கம்பெனிகள் நிலைக்கவில்லை. இரண்டாவதை விட்டு அவர் விலகிய பிறகு அதுவே கெடிலாக் என்ற பெயரில் புகழ்பெற்றது தனிக்கதை. 1903 சூன் 16-ஆம் நாள், 28,000 டாலர் ரொக்கத்தோடு ஃபோர்டு மோட்டார்க் கம்பெனி பதிவாயிற்று. பங்குதாரர்களில் பலர் சாதாரண மக்கள். கசன்ஸின் தங்கை ரோசெட்டா ஒரு பள்ளி ஆசிரியை. அவர் போட்டது 100 டாலர். 1919-இல் அந்தப் பங்கை ஃபோர்டு திரும்ப வாங்கியபோது அதற்கு 2,60,000 டாலருக்கு மேல் கிடைத்தது. இடையில் பெற்ற இலாபப் பங்கு இதில் சேராது.

1908 அக்டோபரில் 'மாடல் டி' என்னும் கார் வந்தது. விலை ஏறத்தாழ 850 டாலர். உழவர் வண்டிப் பாதையிலும் சேற்றிலும் ஓடக் கூடியது. பழுதானால் வீட்டுக்காரரே சரிபார்த்துக் கொள்ளக் கூடியது. அந்நாளில் கார் என்பது செல்வரின் விளையாட்டுப் பொருள். அதனை ஆசிரியரும் உழவரும் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டு வருவதே ஃபோர்டின் நோக்கமாயிருந்தது. 1925-இல் அதன் விலை 260 டாலராக இறங்கியது. 1927-இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன.

விலை குறைந்ததற்குக் காரணம், நகரும் பொருத்து வரிசை என்ற ஏற்பாடு. சிக்காகோ இறைச்சிக் கொட்டில்களில் வெட்டப்பட்ட விலங்குகள் கொக்கியில் தொங்கி ஆள் ஆளாய் நகர்ந்து செல்லும். ஒவ்வொருவனும் தனக்குரிய ஒரு துண்டை மட்டும் அறுப்பான். ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் 1913-இல் இதனைத் தலைகீழாக்கினார்கள். வண்டியின் அடிச்சட்டம் நகர்ந்து வரும். ஒவ்வொருவனும் ஒரு பாகத்தை மட்டும் பூட்டுவான். ஒரு அடிச்சட்டம் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் ஆன இடத்தில், அடுத்த ஆண்டில் 93 நிமிடம் போதுமானதாயிற்று.

ஆனால் மனிதன் கொக்கியல்லன். காலை முதல் மாலை வரை ஒரே திருகாணியை முடுக்கிக் கொண்டிருப்பவன் எத்தனை நாள் பொறுப்பான்? ஆட்கள் வந்த வேகத்திலேயே ஓடினார்கள். 1913-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட தொழிற்சாலையை நடத்த 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே 5 டாலர் கூலி இரக்கத்தினால் மட்டும் பிறந்ததன்று. ஆளைப் பிடித்து வைக்கும் கணக்கும் அதிலிருந்தது. ஃபோர்டே இதனை ஒளிக்கவில்லை. தாம் செலவைக் குறைத்த வழிகளில் இதுவும் சிறந்த ஒன்று என்றே பின்னாளில் சொன்னார்.

கணக்கில் பிறந்தது என்பதற்காக அந்தக் கூலி உயர்வை இகழ்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் விடுத்த தொழிலாளர் சுற்றுமடலை நாம் குருமடத்தில் படித்திருக்கிறோம். முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்ட தொகை என்ற ஒரே காரணத்தால் ஒரு கூலி நீதியானதாகிவிடாது. சிக்கனமும் நேர்மையும் உள்ள உழைப்பாளி வாழ்வதற்குப் போதுமானதாக அது இருத்தல் வேண்டும் என்று அம்மடல் கற்பித்தது. குடும்பத்தைக் காப்பாற்றியபின் சிறிது சேமிக்கவும் முடிய வேண்டும் என்பது திருத்தந்தையின் எண்ணம். அம்மடலைப் படித்த கத்தோலிக்க முதலாளிகள் எத்தனையோ பேர் செய்யாததை, படித்தாரா என்பதே தெரியாத ஒருவர் செய்தார். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அங்கேரியிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்த 5 டாலரால் வீடு வாங்கின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின.

கூலியோடு வந்த ஆய்வாளர்

எனினும் அந்த 5 டாலர் முழுவதும் கூலியன்று. பாதி கூலி, பாதி இலாபப் பங்கு. இலாபப் பங்கு பெற வேண்டுமாயின் தொழிலாளி அதற்குத் 'தகுதி' உடையவனாதல் வேண்டும். அந்தத் தகுதியை அளந்து பார்க்கச் 'சமூகவியல் துறை' என்று ஒரு துறையைக் கம்பெனி ஏற்படுத்தியது. அதன் ஆய்வாளர்கள் தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்றார்கள். திருமணமானவனா? மனைவியோடு வாழ்கிறானா? குடிக்கிறானா? வங்கியில் சேமிப்பு எவ்வளவு? வீடு தூய்மையாயுள்ளதா? வருமானத்திற்காக வெளியாரை வீட்டில் தங்க வைத்துச் சோறு போடுகிறார்களா? அண்டை வீட்டாரிடமும் விசாரித்தார்கள். குறை கண்டால் இலாபப் பங்கு நிறுத்தி வைக்கப்படும். ஆறு மாதத்தில் திருந்தாவிடில் வேலையே போய்விடும்.

இதைப் படிக்கும் பங்குத் தாய்மாரில் சிலர், குடிகாரக் கணவனை இப்படி யாரேனும் வந்து கேட்டால் நல்லதுதானே என்று நினைப்பார்கள். அந்த நினைப்பை நாம் குறை கூறவில்லை. அந்த ஆய்வாளரால் நன்மை அடைந்த மனைவியரும் பிள்ளைகளும் அந்நாளில் உண்மையாகவே இருந்தார்கள். ஆயினும் கூலி என்பது உழைத்தவனுக்கு நீதிப்படி உரியது. உரியதைக் கொடுக்க ஒருவன் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. பங்குக் குருவும்தான் குடும்பப் பதிவேட்டைக் கையிலேந்தி வீடு வீடாகச் செல்கிறார். நாம் சென்று திரும்பியபின் எந்த வீட்டிலும் அரிசி குறைவதில்லை. கதவைத் திறக்காதவரின் சம்பளம் நின்றுவிடுவதுமில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

அதே 1914 சனவரியில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கீழைச் சபையைச் சேர்ந்த கிரேக்கரும் இரசியருமான தொழிலாளர், தங்கள் பழைய நாட்காட்டியின்படி சனவரியில் வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேலைக்கு வராமல் இருந்தனர். 800-க்கு மேற்பட்டோரைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அமெரிக்காவில் வாழ விரும்புவோர் அமெரிக்க விடுமுறையைத்தான் கொண்டாட வேண்டுமாம்! கம்பெனியின் ஆங்கிலப் பள்ளியில் பட்டமளிப்பு விழா நடந்த விதமும் வேடிக்கையானது. மேடைமீது பெரியதோர் அண்டா. தத்தம் நாட்டு உடையணிந்த தொழிலாளர் ஒரு பக்கமாய் அதற்குள் இறங்குவர். மறுபக்கமாய் ஒரே விதமான அமெரிக்க உடையில் சிறு கொடியை ஆட்டிக் கொண்டு வெளியே வருவர்.

1915-இன் இறுதியில் இத்துறைக்குத் தலைவராக வந்தவர் ஒரு குரு என்பது நம்மைச் சற்று நிறுத்துகிறது. சாமுவேல் மார்க்விஸ் என்பார் டெட்ராய்டின் எப்பிஸ்கோப்பல் சபைப் பேராலயத்தின் தலைமைக் குரு; ஃபோர்டு குடும்பத்தாரின் நண்பர். தொழிற்சாலையையே மறைப்பணித் தளமாக மாற்றலாம் என்று உளமார நம்பி அவர் ஆலயத்தை விட்டுக் கம்பெனிக்கு வந்தார். விசாரணைகளின் கடுமையைக் குறைக்கவும் முயன்றார். ஆனால் 1920-இல் தொழில் மந்தம் வந்ததும் கம்பெனி வேறு முகம் காட்டியது. அலுவலர் பலர் இரக்கமின்றி நீக்கப்பட்டனர். 1921 தொடக்கத்தில் மார்க்விஸ் விலகினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஃபோர்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதலாளியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் நீதி, அந்நல்லெண்ணம் மாறும் நாளில் மாறிவிடும் என்பதை அவர் தம் கண்ணாலேயே கண்டார்.

புகழின் நிழல்

ஹென்றி ஃபோர்டு கார் விலையைக் குறைத்து மேலும் பலருக்கு வேலை தர விரும்பியபோது, பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் எங்கள் இலாபப் பங்கு எங்கே என்று வழக்குத் தொடுத்தனர். கம்பெனி நடப்பது முதன்மையாகப் பங்குதாரரின் இலாபத்திற்கே என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1919-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திருச்சபையின் போதனைக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். ஃபோர்டு அதே ஆண்டில் மற்றப் பங்குதாரர் அனைவரையும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வெளியேற்றினார். கம்பெனி முழுதும் ஒரே குடும்பத்தின் சொத்தாயிற்று. இனி அவரைத் தடுப்பார் இல்லை.

தடுப்பார் இல்லாதபோது மனிதன் என்ன செய்கிறான் என்பதற்கு 'டியர்பார்ன் இண்டிபெண்டென்ட்' வார இதழ் சான்று. தமக்குச் சொந்தமான இவ்விதழில் 1920 மே மாதம் தொடங்கித் தொடர்ந்து 91 வாரம் யூத மக்களைப் பழித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். அவை நூலாகத் தொகுக்கப்பட்டு செர்மனி வரை சென்றன. வழக்கு ஒன்றில் சிக்கியபின் 1927-இல் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் 1938-இல் தம் 75-ஆம் பிறந்த நாளன்று இட்லரின் அரசு வழங்கிய விருதை மறுக்காமல் பெற்றுக் கொண்டார். ஆண்டவர் இயேசுவும் அவருடைய திருத்தாயும் யூத இனத்தார் என்பதை மறந்த கிறிஸ்தவர் அந்நாளில் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அதனாலன்றோ இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அதனைத் தெளிவாக அறிக்கையிட நேர்ந்தது!

நன்மைகளும் உண்டு. 1926-இல் வாரத்திற்கு ஐந்து நாள், 40 மணி நேர வேலை என்பதை ஃபோர்டு நடைமுறைப்படுத்தினார். கறுப்பின மக்களுக்கு மற்றக் கார்க் கம்பெனிகள் கதவடைத்திருந்த காலத்தில் இவர் ஆயிரக்கணக்கில் வேலை தந்தார். அவர்களுடைய சபைப் போதகர் தரும் கடிதமே பெரும்பாலும் அவ்வேலைக்கு நுழைவுச் சீட்டு. சிபாரிசுக் கடிதம் கேட்டு ஞாயிறு பூசைக்குப் பின் அறைவீட்டு வாயிலில் நிற்போரை அறிந்த எவருக்கும் இது விளங்கும். அக்கடிதத்திற்கும் ஒரு விலை இருந்தது. தொழிற்சங்கம் பற்றிப் பேச இடங்கொடுத்தால் கம்பெனியின் கதவு மூடிவிடுமே என்ற அச்சம் அப்போதகர்களின் வாயைக் கட்டிற்று.

பெருமந்தக் காலம் வந்தது. 1929 இறுதியில் நாட்கூலியை 7 டாலராக உயர்த்திய அதே ஃபோர்டு, 1932-இல் அதனை 4 டாலராக இறக்கினார். அவ்வாண்டு மார்ச் 7-ஆம் நாள் வேலையிழந்தோர் சில ஆயிரம் பேர் டியர்பார்னில் உள்ள ரூஜ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் சென்றனர். வேலை வேண்டும், வீடுகளைப் பறிக்கலாகாது என்பன அவர்களின் வேண்டுகோள்கள். கண்ணீர்ப்புகை, பின்னர் மீண்டும் குளிர்நீர், அதன்பின் துப்பாக்கி. நால்வர் அங்கேயே மாண்டனர். ஐந்தாமவர் பின்னர் இறந்தார். திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலில் குடும்பத்திற்குப் போதிய கூலியை வற்புறுத்தி அப்போது ஓராண்டு கூட நிறைவுறவில்லை.

பேராயர் மூனியும் தொழிற்சங்கமும்

முன்னாளில் சமூகவியல் துறை இருந்த இடத்தில் இப்போது ஹாரி பென்னெட் என்பவரின் 'பணித்துறை' இருந்தது. பெயர்தான் பணி, உண்மையில் அடியாட்களும் ஒற்றர்களும் கொண்ட படை. இடைவேளையில் நால்வர் கூடிப் பேசினாலும் செய்தி மேலே போகும். 1937 தொடக்கத்தில் செனரல் மோட்டார்ஸ் கம்பெனியும், அதன்பின் கிரைஸ்லரும் தொழிற்சங்கத்தை ஏற்றன. ஃபோர்டு மட்டும் ஏற்கவில்லை. அவ்வாண்டு மே 26-ஆம் நாள் ரூஜ் தொழிற்சாலை மேம்பாலத்தில் துண்டறிக்கை வழங்கச் சென்ற வால்டர் ராய்தர், ரிச்சர்டு பிராங்கன்ஸ்டீன் முதலியோரைப் பென்னெட்டின் ஆட்கள் அடித்துப் படிக்கட்டில் உருட்டினர். பெண்களையும் விடவில்லை. படம் எடுத்தவர்களிடமிருந்து தகடுகளைப் பிடுங்கினர். ஒளித்து வைத்துத் தப்பிய சில தகடுகள் மறுநாள் நாடெங்கும் வெளியாகிக் கம்பெனியின் பொய்யை உடைத்தன.

அதே 1937-ஆம் ஆண்டில் டெட்ராய்டின் முதல் பேராயராகப் பொறுப்பேற்றவர் மேதகு எட்வர்டு மூனி. இவர் நமக்கு அயலார் அல்லர். 1926 முதல் 1931 வரை இந்தியாவில் திருத்தந்தையின் பிரதிநிதியாய்ப் பணியாற்றியவர். கேரளத்தில் மார் இவானியோஸ் ஆண்டகை 1930-இல் உரோமைத் திருச்சபையோடு ஒன்றித்தது இவர் காலத்தில்தான். டெட்ராய்டு வந்ததும் அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. அம்மறைமாவட்டத்துப் பங்குக் குரு சார்லஸ் காஃப்லின், வானொலியில் பேசிக் கோடிக் கணக்கானோரைக் கவர்ந்தவர், கத்தோலிக்கர் எவரும் சி.ஐ.ஓ. தொழிற்சங்க அமைப்பில் சேரலாகாது என்று 1937 அக்டோபரில் கூறினார். பேராயர் அதனை வெளிப்படையாகவே மறுத்தார். அப்படியொரு தடையைத் திருச்சபை விதிக்கவில்லை என்று மக்களுக்கு அறிவித்தார். புகழ்பெற்ற ஒரு குருவை அவருடைய ஆயரே பொதுமக்கள் முன் திருத்துவது எளிதான செயலன்று. காஃப்லின் யூதரைத் தாக்கிப் பேசிக் கொண்டே போனார். 1942-இல்தான் அவர் அரசியற் பேச்சு முற்றிலும் நின்றது.

மூனி ஆண்டகை மறுத்ததோடு நில்லாமல், கத்தோலிக்கத் தொழிற்சங்கத்தினர் கழகம் 1938-இல் டெட்ராய்டில் தோன்றியபோது அதற்கு ஊக்கமளித்தார். பங்குகளில் மாலை நேரத் தொழிலாளர் பள்ளிகள் நடந்தன. திருத்தந்தையரின் சுற்றுமடல்களும், கூட்டம் நடத்தும் முறையும், ஒப்பந்தம் படிக்கும் முறையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பகலெல்லாம் இரும்போடு போராடிய போலந்துத் தொழிலாளி மாலையில் பங்கு மன்றத்தில் அமர்ந்து, சங்கம் அமைப்பது இறைவன் தந்த உரிமை என்று கற்றுக் கொண்டான் எனில், அது எவ்வளவு பெரிய மறைப்பணி!

1941 ஏப்ரல் முதல் நாள் ரூஜ் தொழிற்சாலை முழுதும் வேலை நின்றது. மே மாத வாக்கெடுப்பில் பெரும்பான்மைத் தொழிலாளர் சி.ஐ.ஓ. வைச் சேர்ந்த மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தையே தேர்ந்தனர். ஹென்றி ஃபோர்டு தொழிற்சாலையை மூடினாலும் மூடுவேன், கையெழுத்திடேன் என்றார். ஆனால் சூன் 20-ஆம் நாள், வேறெந்தக் கார்க் கம்பெனியும் தராத சலுகைகளோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஓரிரவில் மனம் மாறியதேன்? இரத்தம் சிந்துவதைக் காணப் பொறுக்காத மனைவி கிளாரா, கையெழுத்திடாவிட்டால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டதாக, ஃபோர்டின் நெருங்கிய அலுவலர் சார்லஸ் சாரன்சன் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். ஐம்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் கிளாரா அம்மையார் தொழிற்சாலை விவகாரத்தில் வாய் திறந்தது மிகச் சில முறைதான்.

தந்தையும் மகனும்

ஹென்றி ஃபோர்டுக்கு ஒரே மகன், எட்செல். 1893-இல் பிறந்தவர். 25-ஆம் வயதிலேயே கம்பெனியின் தலைவரானார். பெயரளவில்தான் தலைவர். மகன் இட்ட ஆணைகளைத் தந்தை மறுநாள் மாற்றுவார். ரூஜில் எட்செல் கல்கரி அடுப்புகளைக் கட்டத் தொடங்கியபோது, அவை கட்டி முடியட்டும், இடித்துவிடலாம் என்று தந்தை பென்னெட்டிடம் கூறி, அவ்வாறே செய்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மகன் மென்மையாக வளர்ந்துவிட்டான், அவனை இரும்பாக்க வேண்டும் என்பது தந்தையின் நினைப்பு. தாம் உழவராக மறுத்தபோது தம் தந்தை வில்லியம் வழிவிட்டதை அவர் மறந்தார் போலும்.

எட்செலோ அழகுணர்ச்சி மிக்கவர். லிங்கன் கார்களின் வடிவழகு அவரால் வந்தது. டெட்ராய்ட் கலைக்கூடச் சுவர்களில் மெக்சிக்கோ ஓவியர் தியேகோ ரிவேரா தொழிலாளர் வாழ்வைத் தீட்டுவதற்குப் பணம் தந்தவரும் அவரே. 1933-இல் அந்த ஓவியங்கள் திறக்கப்பட்டபோது குருக்கள் பலர் கொதித்தனர். குழந்தைக்கு அம்மை குத்தும் காட்சி ஒன்று திருக்குடும்பத்தைப் போல வரையப்பட்டிருந்தது; அறிவியலாளர் மூவர் ஞானிகளின் இடத்தில் நின்றனர். நாம் அதன் நிழற்படத்தை உற்றுப் பார்த்திருக்கிறோம். எமக்கு அது தெய்வ நிந்தனையாகத் தோன்றவில்லை. எட்செல் எதிர்ப்புக்கு அஞ்சாமல் ஓவியத்தைக் காத்தார். தந்தையின் முன் நிற்க முடியாத அவருக்கு ஊர் முழுவதையும் எதிர்த்து நிற்க முடிந்தது.

தொழிற்சங்கத்தோடு பேசலாம் என்று தந்தையை இடைவிடாது வேண்டியவரும் அவரே. 1943 மே 26-ஆம் நாள், 49-ஆம் வயதில், வயிற்றுப் புற்றுநோயால் மாண்டார். ஃபோர்டு பண்ணையின் காய்ச்சாத பாலால் வந்த காய்ச்சலும் உடலை வாட்டியிருந்தது. 80 வயதை நெருங்கிய தந்தை மீண்டும் தலைவரானார். கம்பெனி உண்மையில் பென்னெட்டின் கைக்குச் சென்றது.

அப்போது குடும்பத்தைக் காத்தவர்கள் இரண்டு பெண்கள்: கிளாராவும், எட்செலின் கைம்பெண்டிர் எலனோரும். எட்செலின் மூத்த மகன் இரண்டாம் ஹென்றியிடம் பொறுப்பை ஒப்படைக்காவிட்டால் தம் பங்குகளை விற்றுவிடுவேன் என்று எலனோர் உறுதியாக நின்றார். 1945 செப்டம்பர் 21-ஆம் நாள் 28 வயது இளைஞர் தலைவரானார். முதல் வேலையாகப் பென்னெட்டை நீக்கினார்.

இவ்விளைஞர் கத்தோலிக்கர். 1940-இல் ஆன் மெக்டானல் என்னும் கத்தோலிக்க நங்கையை மணக்குமுன், பின்னாளில் பேராயரான ஃபுல்டன் ஷீன் அடிகளிடம் மறைக்கல்வி பெற்றுத் திருச்சபையில் சேர்ந்தார். திருமணத்தை நடத்தி வைத்தவரும் ஷீன் அடிகளே. பாட்டனாரோ 1894 முதல் ஃப்ரீமேசன் சங்கத்தில் உறுப்பினர். திருமணம் நீடிக்கவில்லை என்பதையும் குடும்ப இதழில் மறைத்தல் முறையன்று. 1964-இல் மணமுறிவு பெற்று மறுஆண்டு வேறொருவரை மணந்தார். ஆயினும் அவர் தலைமையில், 1949-இல் தொழிலாளருக்கு மாதம் 100 டாலர் ஓய்வூதியத் திட்டத்தைச் சங்கத்தோடு பேசிக் கம்பெனி ஏற்றது. பாட்டனார் காலத்தில் கூலி கொடையாக வந்தது. பேரன் காலத்தில் ஒப்பந்தமாக வந்தது. எமக்கு இரண்டாவதே மேலாகத் தோன்றுகிறது.

முதல் ஹென்றி ஃபோர்டு 1947 ஏப்ரல் 7-ஆம் நாள் இரவு காலமானார். ரூஜ் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரம் நின்றிருந்தது. உலகின் மாபெரும் தொழிற்சாலைகளில் ஒன்றை நிறுவியவர், தாம் பிறந்த நாளில் போலவே, மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் எரிய உயிர் நீத்தார். அருகிலிருந்தவர் கிளாரா.

பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1957-இல் எட்செல் பெயரால் வந்த கார் விலை போகாமல் பெருநட்டம் விளைத்தது. 1964-இல் வந்த மஸ்டாங் அந்நட்டத்தை மறக்கச் செய்தது. 1970-களில் பின்டோ என்னும் சிறு கார் பின்னால் மோதுண்டால் பெட்ரோல் தொட்டி தீப்பிடிப்பதாக வழக்குகள் எழுந்தன. 1978-இல் 15 இலட்சம் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. அவ்வழக்குகளில் பேசப்பட்ட ஒரு கணக்கேடு, ஒரு வண்டிக்கு 11 டாலர் செலவையும் ஓர் உயிருக்கு 2,00,000 டாலர் மதிப்பையும் இட்டுப் பார்த்துச் செலவே மிகுதி என்று முடித்தது. அந்த ஏடு பின்டோ ஒன்றைப் பற்றியதன்று, கவிழும் வண்டிகள் அனைத்தையும் பற்றி அரசுத் துறைக்கென எழுதப்பட்டது என்பது உண்மை. ஆயினும் மனித உயிரை அப்படி ஒரு பத்தியில் எழுத முடிந்ததே என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

2008-இல் அமெரிக்கக் கார்த் தொழில் நொடித்தபோது செனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் அரசின் உதவி பெற்றும் திவாலாயின. ஃபோர்டு கம்பெனி 2006-இலேயே, நீல நிற வட்ட முத்திரை உட்படத் தன் சொத்துக்களை அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டி வைத்திருந்ததால் அத்தகைய உதவியின்றித் தப்பியது.

நம் தமிழகத்தோடும் இக்கம்பெனிக்குத் தொடர்புண்டு. 1995-இல் மகிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவுக்குள் நுழைந்து, செங்கற்பட்டு வட்டாரத்தில் மறைமலை நகரில் தொழிற்சாலை அமைத்தது. சுற்று வட்டாரத்து இளைஞர் பலர் தொழிற்பயிற்சி முடித்து அங்கே சேர்ந்தனர். பலர் அவ்வேலையை நம்பியே வீட்டுக்கடன் வாங்கினர். 2021 செப்டம்பர் 9-ஆம் நாள் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர்த் தொழிலாளர், பிரிவுத் தொகை போதாது என்று உள்ளிருந்தே வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் இருந்ததால் கம்பெனி மேசைக்கு வந்து பேசித் தொகையை உயர்த்த வேண்டியதாயிற்று. 2022-இல் கடைசிக் கார் வெளிவந்தது. 2024 செப்டம்பரில், அதே தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசுக்குக் கம்பெனி கடிதம் கொடுத்தது.